ஞாயிற்றுக்கிழமை முந்நூறு

மகள் பெங்களூரில் வேலைக்குப் புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, அவளிடம் ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். அவள் புள்ளியியல் படித்தவள்.

"நாள்வாரியா எண்ணு இருந்தா, அடுத்து என்ன வரும்னு அது சொல்லுமாமே?" என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஏழாவது படிக்கையில், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் எங்கள் காலை ஒரு பிளாஸ்டிக் குழாயோடுதான் தொடங்கும். ஊதினால் சிவப்பு முள் நகர்ந்து மூச்சின் வேகத்தைக் காட்டும். ஆஸ்துமாவுக்காக டாக்டர் கொடுத்தது. கன்னம் உப்ப ஊதிவிட்டு "எம்புட்டும்மா?" என்று எட்டிப் பார்ப்பாள். ஒரு கையில் அவள் சடையைப் பிடித்தபடியே நான் நோட்டில் எழுதுவேன். பயந்து பயந்து கழித்த காலைகள்தான். ஆனாலும் அந்தச் சடையின் ஈரம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

இருநூறுக்குக் கீழே இறங்கினால் எங்கும் போகாமல் நேரே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிறு நோட்டில் முந்நூறு இருந்தது. அதை நம்பி, அய்யனார் கோவில் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ராஜபாளையம் ஆஸ்பத்திரி வரும்வரை ஆட்டோவில் அவளை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். பிழைத்துக்கொண்டாள். முந்நூறு காட்டிய நாளிலேயே மூச்சுத்திணறல் வருமென்றால் எந்த நாளை நம்பி அவளைத் தனியே விடுவது? இத்தனை வருடமாக என்னை விடாத கேள்வி அது.

அப்போது எழுதிய மூன்று நோட்டையும் நானே தட்டச்சு செய்தேன். வாரத்துக்கு ஏழு நாள் என்று அந்த மென்பொருளுக்குச் சொன்னதும், அது எண்களைப் பிரித்துப் படம் போட்டது. ஒன்றில் பொதுவான ஏற்ற இறக்கம், இன்னொன்றில் வாரந்தோறும் திரும்பி வரும் அலை. அந்த அலை ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் மேலே எழும்பியது.

"பாத்தியா, ஞாயித்துக்கிழமைன்னா ஒனக்கு மூச்சு நல்லாருந்திருக்கு. ஆண்டவர் கிருபை."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கிருபை இல்லம்மா, நாந்தான். நீ காலை ஆராதனைக்குப் போயிருவ. நானே ஊதி நானே எழுதுவேன். கொறைஞ்சா ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவமாட்டன்னு கூட்டி எழுதிருவேன்."

"அடிப்பாவி! அன்னைக்கு எம்புட்டு?"

"மூணு தரம் ஊதுனேன். மூணு தரமும் நூத்தி எம்பது."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. நோட்டைப் புரட்டினேன். அந்த வாரம் வியாழன் இருநூற்று நாற்பது, வெள்ளி இருநூற்று இருபத்தைந்து, சனி இருநூற்றுப் பத்து. அடுத்து நூற்றெண்பதை வைத்தால் கோடு படிப்படியாக இறங்கி வந்தது. சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறது. எனக்குத்தான் சேரவில்லை.

அந்த ஒரு நாளைத் திருத்திவிட்டு மற்ற ஞாயிறுகளைக் காலியாக விடச் சொன்னாள். மறுபடி ஓட்டியதும் ஞாயிற்று அலை படுத்துவிட்டது. நோட்டு முடிந்ததற்கு அடுத்த நாட்களுக்கு ஒரு கோடும், அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் நிழலும் வந்தன.

"ஏன் இம்புட்டு அகலமாப் போவுது?"

"தூரம் போவப் போவ அதுக்கும் தெரியாதும்மா. நாளைக்குன்னா ஓரளவு சொல்லும்."

குழாயை அவள் பெட்டியில் நானே வைத்தேன். இப்போது தினமும் காலையில் அங்கிருந்து ஓர் எண் வருகிறது. போன ஞாயிறு வந்தது சனிக்கிழமையைவிடப் பத்து குறைவு; கூட்டி எழுதவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக ஆராதனைக்குக் கிளம்பினேன்.