பழையதே இருக்கட்டுமா?

நம்புகிறவர்கள் நம்பட்டும். சந்தேகமென்றால், அந்த ஞாயிறு மதியம் கானாவில் எங்கள் சுன்யானி ஊரில் ரேடியோ வைத்திருந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர்கள் வெளியே கேட்டார்கள். நான் நிலையத்துக்குள்ளேயே இருந்தேன்.

எங்கள் எஃப்.எம்.மில் பாட்டு, செய்தி, மரண அறிவிப்பு எல்லாமே ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் போகும். அதைப் பிள்ளைபோல் வளர்த்தவன் குவாக்கு. இடிமழையில் ஒலிபரப்புக் கோபுரத்தில் ஏறி, விழுந்து செத்தான். ‘குடித்துவிட்டுத் தானாக ஏறினான்’ என்று ஊரெல்லாம் சொன்னார் முதலாளி ஆம்போஃபோ. சர்ச்சில் அடக்கத்துக்கே மறுத்துவிட்டார்கள். குவாக்கு இன்னும் பிணவறையில்தான் கிடந்தான்.

நாற்பது நாள் கழியாமல் இறந்தவர் பொருளை எங்களில் யாரும் தொடமாட்டோம். முதலாளிக்கு மட்டும் அவசரம். என்னைக் கூப்பிட்டார்.

“செர்வா, கம்ப்யூட்டரைப் புது வெர்ஷனுக்கு மாத்திடு. அவன் போட்டு வச்சது ஒண்ணுகூட மிஞ்சக்கூடாது.”

“நாப்பது இன்னும் ஆகலையே, பாஸ்...”

“ஏன், கம்ப்யூட்டரும் துக்கம் காக்குதா? செவப்புத் துணி கட்டி விடேன்!”

இடையில் கண்ட சத்தமும் காற்றில் போய்விடக் கூடாதென்று டிரான்ஸ்மிட்டரை அணைக்கப் போனார். திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை, கென்கி மாவுருண்டையும் மீனும், பிரித்தார்.

வேலை தொடங்கியது. திரையில் வரிகள் ஓடின. 2.10க்கு நின்றன.

‘இந்தக் கோப்பை ஒருவர் மாற்றியிருக்கிறார். பழையதே இருக்கட்டுமா? புதியதைப் போடவா?’

வழக்கமாக வரும் கேள்விதான். ‘புதியது’ என்று தட்டினேன்.

மீண்டும் அதே கேள்வி.

மறுபடி தட்டினேன். மறுபடியும்... அதே கேள்வி.

கையை எடுத்துவிட்டேன். யாரும் தொடாமலே திரையில் விழுந்தது:

பழையது.

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு... தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம்.

வெளியே சுட்டெரிக்கும் வெயில்.

மழைக்குள்ளிருந்து ஒரு குரல். முதலாளியின் குரல்!

“ஏறுடா! இடிக்குப் பயந்தா வீட்ல போய்ப் போத்திக்கிட்டுப் படு!”

“கம்பியெல்லாம் வழுக்குது, பாஸ். மழை விடட்டும்...”

குவாக்கு.

“இப்ப ஏறலைன்னா நாளைக்கு இந்த வாசலை மிதிக்காதே!”

முதலாளியின் கையிலிருந்த கென்கி தரையில் விழுந்தது.

காவலாளி இசா ஓடி வந்தார். “மேடம்! ரேடியோல பாஸ் குரல் போகுது! டாக்ஸிக்காரங்க அத்தனை பேரும் வண்டிய நிறுத்திட்டுக் கேக்கறாங்க!”

“அணைச்சேனே... நான் அணைச்சேனே...” முதலாளி வெளியே ஓடினார்.

கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது.

குரல் நிற்கவில்லை.

“ஏறுடா...”

ஜன்னலுக்குப் போனேன். முதலாளி கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். ஆன்டெனாவையே பிடுங்கி எறிய.

“இறங்குங்க, பாஸ்!”

“ஏறுடா...”

காய்ந்த கம்பி. கால் வழுக்கியது.

தொம்...

மழை நின்றது.

அடுத்த சனிக்கிழமை குவாக்குவுக்கு சர்ச்சிலேயே அடக்கம். ஊரே துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்தித் திரண்டு வந்தது.

முதலாளி டிரான்ஸ்மிட்டரை அணைக்க மறந்திருப்பார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திங்களன்று போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஒரு பொருளை என் மேசைமேல் வைத்தார்.

“செத்தவர் சட்டைப் பையில இருந்தது. இது என்னம்மா?”

டிரான்ஸ்மிட்டரின் ஃபியூஸ். அது இல்லாமல் அந்தப் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியாது.

வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் தொடவில்லை.

நாற்பது நாள் ஆகவில்லையே.