கதவு சாத்தும் உத்தியோகம்

ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுவின் மேல்தோலில் உள்ள கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கத் திருச்சியில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கல்யாணப் பந்தியில் "நீங்க என்னதான் வேலை பார்க்குறீங்க?" என்று கேட்கப்பட்டு, பதிலை ஆரம்பிப்பதற்குள் ரசம் வந்துவிடும் சக துர்பாக்கியசாலிகளே, இது உங்களுக்காக.

விசிறி

நோயை விரட்ட வேண்டிய வெள்ளை அணுக்கள் சிலருக்குச் சொந்த உடம்பையே அடிக்கக் கிளம்பிவிடும். பொட்டாசியம் வெளியேறும் ஒரு கதவு அவற்றின் தோலில் உண்டு. அதைச் சாத்தினால் அணுவின் கோபம் தணியும். அந்தக் கதவு வழியே ஓடும் மின்சாரம் மகா சொற்பம். பக்கத்தில் ஒரு விசிறி சுற்றினாலே அதன் மின் இரைச்சலில் இது காணாமல் போய்விடும்.

ஆகவே சித்திரை வெயிலில் விசிறி, ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூக்கு நுனியில் வியர்வை தொங்க உட்கார்ந்திருப்போம். லேப் உதவியாளர் முருகேசன் ஒருநாள் வாசலில் நின்று எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதுக்கு எங்க வீட்டுக்கே வந்திருக்கலாமே மேடம். மத்தியானம் ஆனா எங்க தெருவுல கரண்டே இருக்காது."

டீச்சரின் ஸ்கூட்டி

நாங்கள் பார்க்கும் அணுக்கள் மாலதி டீச்சருடையவை. வீடு கே.கே. நகர், பள்ளிக்கூடம் ஸ்ரீரங்கம். காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டியில் பறந்தவர். சொந்த அணுக்களே மூட்டுகளை அடிக்கும் முடக்குவாதம் வந்த பிறகு காலையில் விரல் மடங்குவதில்லை, பிரேக் பிடிக்க முடியவில்லை. இப்போது பஸ் மாறி பஸ் ஏறிப் போகிறார். வண்டி வாசலில் உறை மூடி நின்றது.

மாதம் ஒருமுறை வந்து ரத்தம் கொடுப்பார். இது ஆராய்ச்சிதான், இதனால் உங்களுக்கு உடனே மருந்து வராது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறோம். சமர்த்தாகத் தலையாட்டினார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பஞ்சை அழுத்திக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார், நானும் எதையோ சொல்லி மழுப்புவேன். "வண்டியை வித்துடலாங்குறார் எங்க வீட்டுக்காரர். நீங்க சொல்லுங்க மேடம், விக்கட்டுமா, வேண்டாமா?"

இளநீர்ப் பயிற்சி

மெல்லிய கண்ணாடி ஊசியின் நுனியை அணுவின் மேல் வைத்து, மறுமுனையில் உள்ள குழாயை வாயால் மெல்ல உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் அணு நுனியில் ஒட்டும். என் மாணவி வேதவல்லி, டம்ளரை உதட்டில் வைக்காத ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெண். தூக்கிக் குடித்தே வளர்ந்தவளுக்கு உறிஞ்சும் வித்தை கைவரவில்லை. ஒரே இழுப்பில் அணு முழுசாக ஊசிக்குள் போய்விடும். டீச்சர் கை நீட்டிக் கொடுத்தது இப்படிப் போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவளோ அழுதேவிட்டாள்.

வாசலில் இருந்த இளநீர்க் கடைக்கு அழைத்துப் போனேன். ஸ்ட்ராவில் இளநீர் ஏற வேண்டும், வாய்க்கு வரக்கூடாது. அதுதான் பயிற்சி. இளநீர்க்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் பெண் தேறிவிட்டாள். அன்று மாலை அவள் அம்மா போன் செய்து, எங்கள் லேப் சுவரில் ஒட்டியிருக்கும் விதியையே எனக்குச் சொன்னார்: "குழாயை வாயில வெச்சுக்கறாளாமே. பேஷா வெச்சுக்கட்டும். அவளுக்குன்னு தனியா ஒண்ணு குடுத்துடுங்கோ, அடுத்தவா எச்சில் மட்டும் வேண்டாம்."

தேள்

கதவைச் சாத்த நாங்கள் நம்பியிருந்தது தேள் விஷத்தில் உள்ள ஒரு பொருளை. மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளியில் இதைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பின்வரிசையில் இருந்த விவசாயி ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, கடலைக் கொல்லையில் தேள் கொட்டிய தன் கட்டை விரலைக் காட்டினார். "அதுகிட்ட நல்லா கேட்டு வாங்குங்கம்மா. எங்களைப் படுத்தின பாட்டுக்கு அது யாருக்காவது நல்லது செஞ்சுதான் ஆகணும்."

படுத்த கோடு

பள்ளி விடுமுறையில் டீச்சர் தன் அணுக்களைப் பார்க்க வந்தார். வேதவல்லி குழாயை மெல்ல உறிஞ்சினாள். அணு ஒட்டியது. கதவு திறக்கும்போதெல்லாம் திரையில் கோடு துள்ளியது. விஷப் பொருளைக் கலந்த சொட்டை விட்டோம். துள்ளல் குறைந்தது, இன்னும் குறைந்தது, கோடு தட்டையாகப் படுத்துவிட்டது. வேதவல்லி கூவினாள். முருகேசன் சந்தோஷத்தில் விசிறியையே போட்டுவிட்டார்.

டீச்சரின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரித் திரையில் கோடு படுத்தால் என்ன அர்த்தம் என்று சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். "ஐயோ மேடம், போயிடுச்சா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல டீச்சர், உசுரோடதான் இருக்கு. கதவு சாத்திக்கிச்சு, கோபம் அடங்கிடுச்சு."

திரையில் பதிந்திருந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். "அப்போ இப்ப சொல்லுங்க. வண்டியை விக்கட்டுமா?" அன்று பொய் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆய்வுக் கிண்ணத்தில் அடங்கியது மனித உடம்பில் அடங்க எத்தனையோ வருஷம் ஆகலாம், அடங்காமலும் போகலாம். "வித்துடுங்க டீச்சர்" என்றேன்.

அவர் சிரித்தார். "வண்டி போன மாசமே போயாச்சு மேடம். சந்தோஷத்துல பொய் சொல்லிடுவீங்களோன்னுதான் கேட்டுப் பார்த்தேன். அடுத்த மாசம் எந்தக் கையை நீட்டட்டும்?"

என் ஆராய்ச்சியால் என்ன விளைந்தது என்று அடுத்த பந்தியில் யாராவது கேட்டால் ரசம் வருவதற்குள் சொல்லிவிடலாம்: இதுவரை ஒரு கோடு படுத்திருக்கிறது, ஒரு ஸ்கூட்டி கைமாறியிருக்கிறது, ஒரு கை மட்டும் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.