கட்டைவிரலும் மொட்டைமாடியும்

கோலிக்குண்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் எனக்கு வந்த வினை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஈப்போவில் எங்கள் மாடிவீட்டுக்குப் பின்னால் அப்பா சமையலறையை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சமையலறையின் கூரைதான் எங்கள் புது மொட்டைமாடி. மேலே பின்னறைக் கதவைத் திறந்தால் நேரே அதில் கால் வைக்கலாம். மழைத்தண்ணீர் அந்தக் கதவடியிலிருந்து சரிந்து ஓடி, எதிர்ச்சுவரின் அடியில் விட்டிருந்த துளை வழியாக இறங்கி, பின்சந்து லோங்காங்கில் விழவேண்டும். சாக்கடைக்குப் போகவேண்டிய தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

சிமெண்டுப் பூச்சு காய்ந்த மறுநாள், துளைக்குப் பக்கத்தில் என் கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தயங்கியது. பிறகு மெதுவாக உருண்டு, மாடியைக் குறுக்கே கடந்து, பின்னறை நிலைப்படியில் வந்து டொக்கென்று முட்டியது. மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் வீட்டுக்குத்தான் வந்தது. நான்காவது முறை வைக்க எனக்குத் துணிவில்லை.

ஏனென்றால் அந்த மாடியைக் கட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டைக் கம்பெனி விற்று, ரப்பர் மரங்களைச் சாய்த்த பிறகு, ஈப்போவுக்கு வந்து தவுக்கே என்று கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் எட்டு வருடம் கொத்து வேலை பார்த்தவர். சொந்தமாக எடுத்த முதல் வேலை எங்கள் மாடிதான். அதைப் பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயிலில் எல்லாரும் வாத்தியார் என்று கூப்பிடும் பெரியவர் வருவதாக இருந்தது. அவர் சித்தியவானில் புது வீடு கட்டப் போகிறார். மாடி பிடித்துவிட்டால் அந்த வீடு மாமாவுக்கு. பிடிக்காவிட்டால் மாமா திரும்பவும் யாரிடமாவது கைகட்டி நிற்கவேண்டும். இதை அம்மா தினமும் இரண்டு தடவையாவது சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரி, அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? இருந்தது. மட்டம் பார்த்த அன்று குழாய் பிடித்தது நான்தான்.

கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான ரப்பர்க் குழாய். அதில் தண்ணீர் நிறைத்து, ஒரு முனையை நான் கதவுப் பக்கச் சுவரில் போட்ட கோட்டோடு சேர்த்துப் பிடிக்கவேண்டும். மறுமுனையோடு மாமா எதிர்ச்சுவருக்குப் போவார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்குமாம். அதைப் பார்த்து அவர் பென்சிலால் கோடு போடுவார். பிறகு அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்துதான் பூச்சின் சரிவு.

"பாப்பா, நான் நடக்கறப்ப வெரலால கொழா வாய மூடிக்கோ. நான் சரின்னு சொன்னா எடுத்துரணும்லா. மூடியே வச்சிருந்தா மட்டம் ஏமாத்திரும்."

முதல் தடவை சரியாகத்தான் எடுத்தேன். தண்ணீர் பொளக்கென்று வழிந்து என் புதுக் கவுனை நனைத்தது. கீழே போனால் அம்மாவின் அர்ச்சனை. அடுத்த தடவை மாமா "சரி" என்றார். நானும் "சரி மாமா" என்றேன். கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை. என் பக்கத்துத் தண்ணீர் ஒரு துளி ஆடாமல் அழகாக நின்றது. எவ்வளவு சமர்த்தாகப் பிடிக்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் இப்போது கோலிக்குண்டாக உருண்டு வந்து முட்டியது.

சொல்லியிருக்கலாம். இன்னும் நான்கு நாள் இருந்தது, உடைத்துப் பூசியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் அப்பாவின் பெல்ட்டு ஞாபகத்துக்கு வந்தது. கோலிக்குண்டைப் புத்தகப்பையின் அடியில் ஒளித்துவிட்டு, மாதாவிடம் ஒரு ஒப்பந்தம் பேசினேன். ஞாயிறு வரைக்கும் மழை வரக்கூடாது, பதிலுக்கு நான் தினமும் செபமாலையில் தூங்காமல் இருப்பேன். ஈப்போவில் மழை வேண்டாமென்று கேட்கிற ஒரே பைத்தியம் நானாகத்தான் இருந்திருப்பேன். சாயங்காலமானால் மலைப்பக்கம் மேகம் கறுக்கும், நான் செபமாலையைத் தேடி ஓடுவேன். சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் எவளோ கண்ணு வைத்துவிட்டாள் என்றாள்.

புதன் தப்பித்தது. வியாழன், வெள்ளி, சனியும் தப்பித்தன. மாதா வாக்குக் காப்பாற்றுகிறவள்தான் என்று நம்ப ஆரம்பித்தேன்.

ஞாயிறு, வாத்தியார் மாடியைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டி, "வேல சுத்தமா இருக்கு தம்பி" என்றார். மாமா வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். எல்லாரும் கீழே வந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தோம். அப்போது கொட்டியது பாருங்கள் மழை!

நான் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். மேல்படியில் தண்ணீர் தெரிந்தது. அடுத்த படிக்கு இறங்கியது. அவசரமே இல்லாமல், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து வாத்தியாரின் காலுறையை நனைத்தது.

"பரவால்ல தம்பி, மழன்னா அப்படித்தான்" என்று வாத்தியார் காலைத் தூக்கிக்கொண்டார். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். சித்தியவான் வீட்டைப் பற்றி அவர் அப்புறம் எப்போதும் பேசவில்லை.

அவர் போனதும் மழையும் விட்டது. மாமா குழாயை எடுத்துக்கொண்டு மேலே போனார், நான் பின்னாலேயே போய் கதவோரம் நின்றேன். ஒரு முனையைக் கதவுப் பக்கக் கோட்டருகே ஓர் ஆணியில் கட்டிவிட்டு, மறுமுனையை எதிர்ச்சுவரில் வைத்துப் பார்த்தார். அவருடைய பழைய பென்சில் கோடு தண்ணீருக்கு மூன்று விரற்கடை மேலே இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அப்பா மேலே வந்து கத்தினார். "எட்டு வருசம் தவுக்கேகிட்ட இதத்தான் கத்துக்கிட்டியா? எப்படிடா இப்படி ஆச்சு?"

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"என் தப்புதான் மச்சான்" என்றார் மாமா. "கோடு போடறப்ப கொழா வாய வெரலால மூடிட்டேன் போல."

ஆகா! அப்படியென்றால் மாமாவும் மூடியிருக்கிறார். தப்பு என்னுடையது மட்டுமில்லை. நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. இவ்வளவு பெரிய ஆள் இப்படிச் செய்யலாமா என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. அன்று ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மாமா இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து உளியால் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தார். தூசியில் புருவமெல்லாம் வெள்ளை. மறுபடி மட்டம் பார்க்க என்னைக் கூப்பிடவில்லை, ஆணியிலேயே குழாயைக் கட்டிக்கொண்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கதவருகே இடுப்பில் கைவைத்து நின்று, "மாமா, இந்தத் தடவையாச்சும் வெரல எடுத்துருங்க" என்றேன்.

மாமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "எடுத்துட்டேன் பாப்பா, பாரு."

அந்த மாடியில் இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியதில்லை. பூச்சு காய்ந்த வாரமே மாமா லூமுட்டில் வீடு கட்டித்தரும் ஒரு கொந்திரேக்குக்காரரிடம் கூலிக்குப் போய்விட்டார். அவர் சொந்தமாக எடுத்த வேலை அது ஒன்றுதான். வேலையில் கவனம் போதாது என்று அப்பா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் நானும் ஆமாம் போட்டிருக்கிறேன்.

அவர் கை விரித்துக் காட்டியபோது சிரித்தார். ஜெயித்துவிட்ட மாதிரி நானும் சிரித்தேன். தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக் கோடு போடுகிறவன் தன் முனையை மூடிக்கொண்டு பார்க்க முடியாது என்பதும், அந்தக் குழாய்க்கு இருந்தது இரண்டே முனைகள்தான் என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.