கடலுக்குப் போன மெசேஜ்கள்

ஆஸ்பத்திரியில் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது, பழக்கத்தில் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டேன். எனக்கான ஆலோசனை மெசேஜெல்லாம் அவர் போனுக்கே வரும். எட்டாம் மாதம் அவர் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போனார். அங்கே ஏது டவர்? வீங்கிய காலோடு நானே ஆட்டோ பிடித்துப் போய்ப் பிள்ளையைப் பெற்றுவந்தேன்.

படகு தேங்காய்ப்பட்டணம் கரை சேர்ந்ததும் அத்தனை மெசேஜும் மொத்தமாக வந்து விழுந்தன. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

“ஏட்டி, மாத்திரை போட்டியா? இடப்பக்கம் சரிஞ்சு படுத்தியா?”

பால் கொடுத்து அசந்துபோயிருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. “பெத்தாச்சு, நிறுத்தும்” என்றேன்.

ஒன்றை மட்டும் வாசிக்காமல் தள்ளினார். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். “பிரசவ நேரத்தில் கணவர் அருகில் இருந்தால் தாய்க்குத் தைரியம்.”

அதை நானே உரக்க வாசித்தேன்.