ஒரே வரிசையில் மூன்று ஏழு

அம்மாவுக்குச் சுடோகு பழக்கியது நான்தான். ஒரு வரிசையில் ஓர் இலக்கம் ஒருமுறைதான் வரும் என்பதை முதல் நாளே பிடித்துக்கொண்டவர், அன்று காலை ஒரே வரிசையில் மூன்று ஏழு எழுதியிருந்தார்.

"என்னம்மா, பழகினதெல்லாம் மறந்திட்டியளோ?" என்று சிரித்தேன்.

"கை சொல்லுக் கேக்குதில்லை, பிள்ளை."

அழிறப்பரைக் கொடுத்துவிட்டு என் கணினி வேலைக்குத் திரும்பினேன். அரை மணித்தியாலத்தில் பென்சில் விழுந்த சத்தம் கேட்டது. அம்மாவின் வாய் ஒருபக்கம் கோணியிருந்தது.

உடுப்பிட்டியிலிருந்து வைத்தியசாலை வரை ஓட்டோவில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தேன். எதற்கும் பட்டியல் போடும் எனக்கு அடுத்து என்ன செய்வதென்று ஒன்றும் தோன்றவில்லை.

"பாரிசவாதம். எப்ப தொடங்கினது?" என்றார் டொக்டர்.

"வாய் கோணுறதுக்கு அரை மணித்தியாலம் முந்தியே கண்டனான். கண்டிட்டுச் சிரிச்சனான்."

அம்மா பிழைத்தார். இப்போது இடக்கையால் எழுதுகிறார். நான் கட்டங்களைப் பார்க்குமுன் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

"என்ரை முகத்திலையோ இலக்கம் எழுதிக் கிடக்கு?" என்பார்.

சிரிக்க இன்னும் பயமாக இருக்கிறது.