பதினைந்து நட்சத்திரச் செம்புக் காசு

எனக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம் உண்டு. அதிலும் கிறுக்கான ஒரு கிளை. இருநூறு வருசத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் சில்லறைக்குப் பஞ்சம் வந்தபோது, வியாபாரிகள் தாங்களே செம்பில் காசு அடித்துக்கொண்டார்கள். அதில் சிலர், அப்போதுதான் பிறந்திருந்த அமெரிக்காவை நினைத்து நட்சத்திரம், கப்பல் என்று போட்டார்கள். எட்டாவது வரைக்கும் படித்த மதுரைக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்டால், மீனாட்சி அம்மன்தான் பதில் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில், சிம்மக்கல்லில் பழைய செம்பு பித்தளை எடைக்கு வாங்கும் பாய் கடையில், ஓட்டை அண்டாவுக்கு அடியில் ஒரு காசு கிடந்தது. ஒரு பக்கம் முக்கோணமாகப் பதினைந்து நட்சத்திரம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. மறுபக்கம் சுருள் ஓலை பிடித்த கை.

“பாய், இது செல்லுமா?”

“செல்லாது. ஆனா ஒங்க மூஞ்சியப் பாத்தா இப்பச் செல்லும் போலயே!” என்றார் பாய்.

காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து, திருச்சியில் இருந்த இன்னொரு காசுப் பைத்தியத்துக்கு அனுப்பினேன். அவர் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். உடனே பதில் போட்டார். எழுத்தெல்லாம் அமெரிக்க மாநிலங்களாம். உச்சியில் இருப்பது கென்டக்கியாம். தன்னிடம் கப்பல் போட்ட காசு இரண்டு இருக்கிறது, ஒன்றைத் தந்து இதை வாங்கிக்கொள்கிறேன், தைத் தெப்பத்துக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார். ‘காசின் மேல் ஏறியிருக்கிற கறுப்பை மட்டும் தொடாதீர்கள். காசுக்கு அதுதான் மரியாதை.’

அந்தக் கப்பல் மேல் எம்புட்டு ஆசை என்றால், சாமி கும்பிடும்போதுகூடக் கண்ணுக்குள் பாய்மரம் விரிந்தது. காசைப் பூசை அலமாரியில் வைத்தேன். எங்கள் ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கிற இடம் அது. அம்மன் காவலுக்கு மிஞ்சின பீரோ ஏது?

தெப்பத்தன்று விடிந்ததுமே அவர் வந்துவிட்டார். உட்கார வைத்து, அலமாரியைத் திறந்தேன். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஏதோ தகதகவென்று மின்னியது. சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் ஒரு மல்லிகைப் பூ.

“என்னடி இது?” என்றேன் மனைவியிடம்.

“நேத்து வெளக்குத் தேய்க்கிறப்ப பாத்தேன். முக்கோணம், உள்ள எழுத்து. ஏதோ எந்திரத் தகடு, எங்கிட்டச் சொல்லாம வாங்கியாந்து வச்சிருக்கீகன்னு நெனச்சேன். கறுத்துப் போயிக் கெடந்துச்சு. புளியும் சாம்பலும் போட்டு நல்லா அழுத்தித் தேச்சேன். இப்பத்தான் லட்சணமா இருக்கு.”

ஸ்டேஷன் மாஸ்டர் காசை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், குங்குமத்தை ஊதினார். “இருநூறு வருசக் கறுப்பு...” என்று ஆரம்பித்தவர், எதிரே அம்மன் படத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

“அண்ணே, மாத்திக்கலாம்ல?” என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

“தம்பி, இதை வாங்கிட்டுப் போனா நானும் பூசைதான் பண்ணணும்.”

கப்பல் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கண்ணாலாவது பார்த்துக்கொள் என்று தன் காசை எடுத்து நீட்டினார். கன்னங்கரேலென்று, பாய்மரத்தோடு, அம்புட்டு அழகு. காபியோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ பாவம், இதுவும் கறுத்துல்ல கெடக்கு! குடுங்கண்ணே, காப்பி ஆறுறதுக்குள்ள தேச்சுத் தாரேன். புளி ஊறிக்கிட்டுத்தான் இருக்கு.”

மனுசர் காசைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையையும் வைத்துக்கொண்டார். காபியை ஒற்றைக் கையாலேயே குடித்து முடித்தார்.

பிறகு மூன்று பேருமாக வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனோம். தண்ணீர் மேல் தெப்பம் அசைந்து அசைந்து வந்தது. அம்மையும் அப்பனும் பூவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தாயே, நீயே மிதந்து வரும்போது எனக்கு வேறு கப்பல் எதற்கு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பாதி மனசோடுதான், அது அவளுக்கும் தெரியும்.

படிக்கட்டு முழுக்க ஜனம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் ஒரு கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் என் மனைவியல்லவா நின்றிருந்தாள்!