கை போகாத இடத்தில் ஒரு பல்பு

டூரிங் பைக்கின் ஹெட்லைட் பல்பை நானே மாற்றிவிடலாம் என்று நினைத்தது என் தப்பு. நாற்பத்தைந்து வயதில், மனைவியோடு மலை ஊர்களுக்குப் போய்வரும் ஆசையில், பெரிய பைக் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தேன். முன்னால் இரண்டு விளக்கு. இடது பல்பு போய்ப் பத்து நாளாகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காவிரிப் பாலத்தில் வரும்போது வலதும் அணைந்தது. ஞாயிறு விடிவதற்குள் கொடைக்கானலுக்குக் கிளம்ப வேண்டும்.

மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். "முன்னாடி கூடு முழுசா கழட்டணும் சார். திங்கக்கெழம விட்டுட்டுப் போங்க" என்றார்.

சனிக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு புதுப் பல்போடு உட்கார்ந்தேன். பல்பு விளக்கின் பின்பக்கம் இருக்கிறது. அதற்கும் மீட்டருக்கும் நடுவில் ஒரு சந்து. கையை விட்டால் கண்ணுக்கு இடமில்லை. எட்டிப் பார்த்தால் கைக்கு இடமில்லை. வயரைப் பிடுங்கினேன், ரப்பர் மூடியையும் எடுத்தேன். பல்பை அமுக்கிப் பிடித்திருக்கும், கொண்டை ஊசி போல வளைந்த கம்பி கிளிப் மட்டும் நகரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் புறங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அப்போது என் மைத்துனர் வந்தார். மனைவியின் அண்ணன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். தொட்டியத்து நண்பர் ஒருவர் கொடுத்தார் என்று ஒரு சீப்பு பூவன் பழம் கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், கிரிக்கெட் பார்ப்பார், கிளம்பிவிடுவார். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். எங்களுக்குள் பேச ஒன்றுமில்லை என்றே பதினொரு வருடமாக நினைத்திருந்தேன். வெல்டிங் என்றால் எனக்கு ஜன்னல் கம்பியும் வாசல் கேட்டும்தான் ஞாபகம் வரும். அதற்கு மேல் அவரிடம் கேட்டதில்லை.

"என்ன மாப்ள, கையெல்லாம் ரத்தம்?"

"பல்பு மாத்தணும் மச்சான். உள்ள ஒரு கிளிப்பு. கழல மாட்டேங்குது."

பழத்தை வைத்துவிட்டுக் குனிந்தார். "ஹேண்டில வலது பக்கம் முழுசா திருப்பிப் பிடிங்க" என்றார். திருப்பினேன். சந்து இரண்டு விரற்கடை அகலமானது. எனக்கு இது தோன்றவே இல்லை.

"தங்கச்சிகிட்ட சின்னக் கண்ணாடி ஏதாவது இருக்குமா?"

மனைவி தன் பவுடர் டப்பாவோடு இறங்கி வந்து அங்கேயே நின்றாள். மூடியில் இருந்த வட்டக் கண்ணாடியை அவர் இன்சுலேஷன் டேப்பால் உள்ளே சாய்த்து ஒட்டினார். நான் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் அவர் எதையும் தொடவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டார்.

கண்ணாடியில் அவர் விரல்கள் தெரிந்தன. அதில் எல்லாமே மாறித் தெரியும், தூரத்தில் இருப்பது கிட்டே, கிட்டே இருப்பது தூரத்தில். பதினெட்டு வருடமாக நான் இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். அப்படியிருந்தும் காலையில் என் விரல் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கமே போனது. அவர் கட்டைவிரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நேராகப் போய் கிளிப்பின் நுனியை அமுக்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். பழைய பல்பு அவர் உள்ளங்கையில் இருந்தது.

"புதுசுல கண்ணாடி மேல விரல் படக் கூடாதுல்ல?"

"ஆமா மச்சான். பட்டா சீக்கிரம் போயிடும்."

உலோக அடியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து உள்ளே கொண்டுபோனார். மெதுவாகத் திருப்பினார். "உக்காந்துடுச்சு" என்றார். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது.

"எப்படி மச்சான் இது?"

"நம்ம வேலையே இதான மாப்ள." அடுத்த விளக்கின் பக்கம் கண்ணாடியை மாற்றி ஒட்டிக்கொண்டே சொன்னார். "பாய்லர் டியூப்பெல்லாம் நெருக்கமா நிக்கும். பின்பக்கம் தலை போகாது. கண்ணாடிய அங்க வெச்சு, அதுல பாத்துதான் வெல்டு போடணும். ரெண்டு கைக்கும் வேலை. இந்தப் பக்கம்னு நெனச்சா கை அந்தப் பக்கம் போகும். மொத ஆறு மாசம் குவார்ட்டர்ஸுக்கு வந்து அழுதிருக்கேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கண்ணாடி இருக்கறதே மறந்துடும்." இரண்டாவது கிளிப்பும் கழன்றது. "முடிச்சதும் எக்ஸ்ரே எடுப்பாங்க. ஊசிமுனை அளவு ஓட்டை தெரிஞ்சாலும் வெட்டிட்டுத் திரும்பப் போடணும். உள்ள போற நீராவி சும்மா விடாது."

"நீங்க போட்டதெல்லாம் இப்ப எங்க இருக்கும்?"

இரண்டாவது புதுப் பல்பை உள்ளே திருப்பிக்கொண்டே சொன்னார். "வடக்க நெறைய ஊர்ல, கரண்டு எடுக்கற எடத்துல. நான் போனதில்ல. போனாலும் பாக்க முடியாது, சுத்தி மூடிடுவாங்க."

ஏதோ ஊரில் யாரோ ஸ்விட்சைப் போட, இவர் தலை நுழையாத இடத்தில் கண்ணாடியைப் பார்த்துச் சேர்த்த இரும்பு அங்கே சீறும் நீராவியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நான் இவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் மோர் மட்டும்தான் ஊற்றியிருக்கிறேன்.

வயர்களை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். லிஃப்ட் பக்கத்து இருட்டுச் சுவரில் இரண்டு வெளிச்சமும் விழுந்தன. அவர் கை கழுவி, நான்கு தோசை சாப்பிட்டு, "மத்தியான ஷிஃப்ட்டு, போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். அவர் போன பிறகு, ரப்பர் மூடியைப் போடுமுன், சந்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். என் விரல் நுனி கிளிப்பின் மேல் பட்டும் படாமலும் நின்றது.

மறுநாள் மணப்பாறை தாண்டும்வரை இருட்டு. சாலை முழுக்க வெளிச்சம் சீராக விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி என் தோளருகில் குனிந்து, "எங்கண்ணன் அழுதது எனக்கே தெரியாதுங்க" என்றாள்.

கொடைக்கானலில் இறங்கியதும் அவருக்குப் போன் செய்தேன்.

"லைட்டு எரியுதா மாப்ள?"

"நல்லா எரியுது மச்சான். ஒண்ணு கேக்கணும். கண்ணாடில பாத்து வெல்டு போடறப்ப மொதப் புள்ளிய எங்க வெப்பீங்க?"

அவர் பேச ஆரம்பித்தார். மனைவி அறைச் சாவி வாங்கி, பைகளை உள்ளே வைத்து, முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.